வேயா மாடமும் தட்டோடும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துத் தட்டைக்கூரைகள்

தமிழில் வீட்டின் மேன்மூடியைக் குறிக்கும் சொற்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு செய்தி புலனாகும். சரிந்த கூரைக்குரிய சொற்கள் உடன்பாட்டு வடிவின. தட்டைக்கூரைக்குரிய பழந்தொடர் ஒன்றோ எதிர்மறை வடிவினது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்தின் சிறப்பினைக் கூறப்புகும் இளங்கோவடிகள் ‘வேயா மாடம்’ என்பதனை முதற்கண் வைக்கின்றார். வேய்தலாவது ஓலை, புல், ஓடு முதலியவற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு அடுக்கி மூடுதல். அங்ஙனம் மூடப்படாத மாடம் வேயா மாடம். ஒரு பொருளை அதன்பால் உள்ளது கொண்டு பெயரிடாது இல்லாதது கொண்டு பெயரிடுதல், அப்பொருள் பெருவழக்கிற்கு வேறாய் நின்றமையைக் காட்டும். பெருவழக்கு வேய்தலே, வேயாமை விதிவிலக்கு.

இத்தொடர்க்குப் பழைய உரை, தட்டோடு பாவிச் சாந்து பூசிய நிலாமுற்றம் என்னும் கருத்துப்படப் பொருள் கூறுகின்றது. இவ்வுரையே எம் ஆராய்ச்சிக்குத் தோற்றுவாய். நூலாசிரியர் எதிர்மறையாற் குறித்ததனை உரையாசிரியர் உடன்பாட்டான் விளக்கப் புகுந்தபோது, கூரையைத் தாங்கும் மரத்தைக் கூறினாரல்லர்; சுவரைக் கூறினாரல்லர்; மேலே பாவிய ஓட்டையும் பூசிய சாந்தையுமே கூறினார். தட்டைக்கூரையின் இயல்பு அதன் மேற்பரப்பில் உள்ளது என்பது அவர் கருத்துப்போலும். ‘தட்டோடு’ என்னும் அச்சொல் இன்றும் விழுப்புரத்தும் திண்டிவனத்தும் கொத்தனார் வாயில் வழங்குகின்றது. நூலிற் பயின்ற சொல் தெருவிலும் வழங்குதல் வியப்பன்று. ஆயின், அது குறிக்கும் பொருளும் செய்முறையும் மாறாது வந்தனவா என்பது ஆராய்தற்குரியது.

தட்டைக்கூரை எவ்வகைத்தாயினும் இரண்டு தொழில்களைச் செய்தல் வேண்டும்: ஒன்று, தன் பாரத்தையும் மேலேறுவார் பாரத்தையும் தாங்குதல், மற்றொன்று, மேல்வீழும் நீரை உள்ளிறங்காது காத்தல். சரிந்த கூரையில் நீர் தானே ஓடிவிடுதலின் பின்னது எளிது. தட்டைக்கூரையில் நீர் சிறிது நேரமேனும் தங்கும். ஆகலின், தாங்கும் உறுப்பு வேறு, நீர்காக்கும் உறுப்பு வேறு எனப் பகுத்துக் காண்டல் இன்றியமையாதது. கல், மரம், காங்கிரீட் எனத் தாங்கும் உறுப்புக் காலந்தோறும் மாறியதாக, நீர்காக்கும் உறுப்புப் பெரிதும் மாறாதே நின்றது என்பதும், இப்போது மாறத் தொடங்கியிருப்பது அவ்வுறுப்பே என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவப் புகுவன.

முதற்கண் நிலத்தைக் காண்பாம். திண்டிவனத்தைச் சார்ந்த பகுதி பண்டு ஓய்மானாடு எனப்பட்டது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனுக்கு உரிய கிடங்கில், இன்றைய திண்டிவனம் நகரோடு ஒன்றிக் கிடக்கின்றது. அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு ஒன்றாகக் கொள்வர். பாணர் செல்லும் வழியில் வேலூரைச் சார்ந்த எயினர் குடியிருப்பைக் கூறுமிடத்து, கடும் வெயிலால் உள்ளே வெப்பம் மிக்க குரம்பையைப் புலவர் காட்டுகின்றார். கூரையின் குறை மழையால் மட்டும் அறியப்படுவதன்று, வெயிலாலும் அறியப்படும் என்பதற்கு இவ்வட்டாரத்திலிருந்தே கிடைக்கும் பழஞ்சான்று இது. ஆயின் ஓய்மானாட்டு ஊர்களில் வேயா மாடம் இருந்ததென்று கூற அந்நூலில் இடமில்லை. புகாரின் மாடத்தையும், நெடுநல்வாடை கூறும் பாண்டியன் கோயிலின் நிலாமுற்றத்தையும் தமிழகம் முழுமைக்கும் பொதுவாக்கிப் பேசுதல் நம்மிடை ஒரு வழக்காகி விட்டது, அது தவிர்க்கத்தக்கது. கீழடி அகழ்வில் கூரையோடுகள் மிகுதியாகக் கிடைத்திருத்தலை நோக்க, நகர வாழ்க்கையிலும் வேய்ந்த கூரையே மிக்கிருந்தது எனக் கருத இடமுண்டு. அன்றியும், தட்டைக்கூரை இடிந்தால் அது செங்கல்லும் காரையுமாகச் சிதைந்து சுவரின் சிதைவோடு கலந்துவிடும். ஓடு மட்டுமே தன் வடிவத்தாற் கூரையெனத் தன்னைக் காட்டிக்கொள்ளும். சான்றின் இந்நிலையை மறத்தலாகாது.

இனி, இரண்டாவது எதிர்மறைக்கு வருவாம். விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியிலுள்ள மண்டகப்பட்டில், முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, பிரமன், சிவன், திருமால் ஆகியோர்க்கு விசித்திரசித்தன் என்னும் அவ்வரசன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோயில் எடுத்த செய்தியைக் கூறுகின்றது. இக்கல்வெட்டினைக் கற்றளி வரலாற்றின் தொடக்கமாகக் காட்டுதல் அறிஞர் பலரும் செய்வது. யாம் இதனை வேறொரு பயன் கருதி நோக்குகின்றோம். இல்லாதன என்று அரசன் எண்ணிய நான்கும் அக்காலத்துக் கட்டடத்திற்கு இன்றியமையாதனவாய் இருந்தன என்பது பெறப்படும். இன்றேல் அவற்றை விலக்கியது பெருமையாகாது. செங்கல், மரம், சுதை, அவற்றைப் பிணிக்கும் ஆணி முதலிய உலோகம் ஆகிய இந்நான்கும், பின்னே யாம் காணவிருக்கும் மரத்தளத்தின் உறுப்புக்களேயாம். அக்காலத்துத் தளம் இவ்வாறே இருந்தது என்று இதனால் துணிதல் இயலாது. அதற்கு வேண்டிய பொருள்கள் யாவும் இவ்வட்டாரத்துச் சிற்பியர் கைக்கு எட்டுவனவாய் இருந்தன என்னும் அளவே துணியலாம்.

குடைவரையில் கூரை என ஒன்றைத் தனியே அமைப்பதில்லை; மலையே கூரை. ஆயினும் தூணின்மேற் போதிகையும் அதன்மேல் உத்திரமும் செதுக்கப்பட்டுள்ளன. இவை ஒன்றையும் தாங்குவன அல்ல. மரக்கட்டடத்தின் வடிவம் கல்லில் நின்ற நினைவுகள். இவ்வட்டாரத்துத் தளவானூர்ச் சத்துருமல்லேசுவரக் குகையில் இதற்கு மேலும் ஒரு படி சென்று, கூடுகளோடு கூடிய கபோதம் முகப்பிற் செதுக்கப்பட்டுள்ளது. கபோதமாவது கூரையின் விளிம்பு வெளிநீண்டு வளைந்து நீரைச் சுவரினின்று அப்பால் வீழ்த்தும் உறுப்பு. திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கைக் குடைவரை சிற்றறை ஒன்றேயாதலின் ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

கூரையைக் கல்லால் உண்மையாகவே கட்டும் நிலை, இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் எடுப்பித்த பனைமலைத் தாளகிரீசுவரம் முதலிய கற்றளிகளால் இவ்வட்டாரத்தில் விளங்குகின்றது. கோயில் மண்டபங்களில் தூணும் போதிகையும் உத்திரமும் அமைத்து, உத்திரத்திற்கு உத்திரம் பலகைக்கற்களைப் பரப்பி மூடுவர். கல் அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும். வளைவை மிகச் சிறிதே தாங்கும். பலகைக்கல் நீண்டால் நடுவே முறியும். நம் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கு அழகுணர்ச்சியினும் இக்கல்லியல்பே முதற்காரணம் என்பது எம் துணிபு. பெருவெளியை மூட விரும்பியோர் செஞ்சிக் கோட்டையின் களஞ்சியங்களிற்போல வளைவுக்கூரையை நாடினர்.

பலகைக்கல் எத்துணைத் திண்ணியதாயினும் இரண்டு கல்லின் இடையே பொருத்து உண்டு. பொருத்து உள்ளவழி நீர் இறங்கும். ஆகவே, கல்லின்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த படுகையை இட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பர். கோயில் திருப்பணி மதிப்பீடுகளில் ‘மேல்தளத்தில் தட்டோடு பதித்தல்’ என்பது இன்றளவும் ஒரு தனி வேலையாகக் காணப்படும். கற்றளி என நாம் போற்றும் மண்டபம் செங்கல்லையும் சுதையையும் முழுதும் விலக்கியதன்று. கீழிருந்து நோக்குவார் கண்ணிற்படாத இடத்தில் அவை உள. மகேந்திரவர்மன் விலக்கியதாகக் கூறிய நான்கில் இரண்டு, மண்டபத்தின் தலைமேல் ஏறி அமர்ந்துகொண்டன எனலாம்.

மரத்தளத்தின் நூற்சான்று மயமதத்திற் கிடைக்கின்றது. அந்நூல் பிரஸ்தரம் பற்றிக் கூறுமிடத்து, துலை, சயந்தி, அனுமார்க்கம் என ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அமையும் மரங்களைப் பேசுகின்றது. பெரு மரத்தின்மேற் சிறு மரம், அதன்மேல் மேலும் சிறு மரம் என இடைவெளியைப் படிப்படியே குறுக்கி, இறுதியில் சிறு பொருளால் மூடத்தக்க அளவிற்குக் கொணர்தலே இதன் கருத்து. கொத்தர் மரபும் இக்கருத்தினதே.

பொறியியல் நூல்களில் மதராசுத் தளம் எனப் பெயர் பெற்றதும், இந்தியத் தரநிலை 2119இல் விதிமுறை வகுக்கப்பட்டதும் ஆகிய கூரையே இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளிற் காணப்படுவது. வட தமிழகத்தில் இத்தகைய வீடு ‘மெத்தை வீடு’ என்றும் ‘மச்சு வீடு’ என்றும் வழங்கும். 1879இல் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் முன்னும் பின்னும் வளர்ந்த தெருக்களில் வணிகர் இல்லங்களும் அலுவலகங்களும் இம்முறையாற் கட்டப்பட்டன. வலியோர் பர்மாத் தேக்கினை வாங்கினர். எளியோர் உள்ளூர் மரத்தையும் பனையையும் கொண்டனர்.

இத்தளம் அமைக்கும் முறையினைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இம்முறை அறிந்தோர் அருகி வருகின்றனர். சுவரினின்று சுவருக்கு உத்திரம் ஏற்றி, அதன்மேற் குறுக்கு மரங்களை ஒன்றரை அடிக்கு மிகாத இடைவெளியில் வைப்பர். இனி, 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள சிறு தளச்செங்கல்லை விளிம்பின்மேல் நிறுத்தி, மரங்களுக்குச் சாய்வாக, அறையின் மூலையினின்று தொடங்கி வரிசை வரிசையாக ஒட்டிச் செல்வர். 6 அங்குலச் செங்கல் ஒன்றரை அடி இடைவெளியை எங்ஙனம் கடக்கும் என மாணாக்கர் வினவக்கூடும். கடப்பதில்லை என்பதே விடை. இடையிலுள்ள செங்கல் மரத்தின்மேல் அமர்வதன்று. முன் வரிசையின் பக்கத்தில் சாந்தினால் ஒட்டப்பட்டு நிற்பது. மூலையில் தொடங்குதலின் முதல் வரிசை மிகக் குறுகியது. இருபுறமும் சுவர் அதனை இறுக்கிப் பிடிக்கின்றது. ஒவ்வொரு வரிசையும் தனக்கு முந்திய வரிசையைப் பற்றிக்கொண்டு சிறிது சிறிதே நீள்கின்றது. ஆதலின் கீழே முட்டோ பலகையோ வேண்டுவதில்லை. பனைவெல்ல நீர் சேர்த்து அரைத்த சாந்து, செங்கல்லைக் கைவிட்டதும் பிடித்துக்கொள்ளும் பசைமையுடையதாய் இருத்தல் வேண்டும். சாந்தின் பதமே இங்கு முட்டுக்கொம்பின் வேலையைச் செய்கின்றது.

செங்கல் வரிசை நன்கு இறுகியபின் அதன்மேற் சுண்ணாம்புச் சல்லிக் கலவை இடுவர். உடைத்த செங்கல் 3 பங்கு, சரளையும் மணலும் 1 பங்கு, அவற்றின் அளவிற் பாதி சுண்ணாம்புச் சாந்து என்பது நூல்கள் கூறும் விகிதம். 3 அங்குல உயரத்திற்குப் பரப்பி, மூன்றடி நீளத்திற்கு ஓரங்குலம் தாழுமாறு வாட்டம் கொடுத்து, மரத்தட்டுப் பலகையால் அடிப்பர். இவ்வடித்தல் ஒரு நாளில் முடிவதன்று. சித்தாட்கள் வரிசையாய் அமர்ந்து, கடுக்காய் நீரும் சுண்ணாம்பு நீரும் தெளித்துத் தெளித்து, இரண்டு மூன்று நாள் இடைவிடாது அடிப்பர், அது பெரும்பாலும் மகளிர் தொழில், பாட்டொடு நிகழ்வது. அதன்மேல் ஓரடுக்கோ ஈரடுக்கோ தட்டோடு பதித்து, மும்முறை சாந்து பூசித் தேய்த்து மெருகிடுவர். இறுதிப் பூச்சு சரியாக அமைந்த தளம் நிலவொளியில் வெள்ளிதாய்த் தோன்றும். நிலாமுற்றம் என்ற பெயர் வெறும் நயத்தால் எழுந்ததன்று.

அடித்தது போதும் என எதனால் அறிவது என்று திண்டிவனத்தில் முதிய கொத்தனார் ஒருவரை வினவினோம். “பலகை துள்ளணும் ஐயா. துள்ளலைன்னா தளம் இன்னும் தூங்குதுன்னு அர்த்தம்,” என்றார். கலவை இறுகாத வரை பலகையின் அடியை அது விழுங்கும். இறுகியபின் பலகையைத் திருப்பி எறியும். பொறியியல் நூல்களும் இதனையே அளவுகோலாகக் கூறுகின்றன. ஆயின் ‘தூங்குதல்’ என்னும் சொல்லாட்சி அந்நூல்களில் இல்லை. தமிழ் அகராதிகளிலும் இப்பொருளில் அதனை யாம் கண்டிலேம்.

இத்தளத்தின் சிறப்பினைப் பேசுவார் அதன் குறையையும் பேசுதல் நேர்மை. மரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருத்தலின் சுவரில் ஈரம் ஏறினால் நுனி முதலில் உளுத்துப்போகும். மேலிருந்து நோக்கினால் அது தெரியாது. கரையானும் அவ்வழியே ஏறும். மரத்தின் நீளத்திற்கு மேல் அறையின் அகலம் செல்லாது. நெடுங்காலம் நின்றது என்பதனாலேயே ஒரு கட்டடம் இனியும் நிற்கும் என்று கொள்ளலாகாது. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த புதுச்சேரி நகராட்சி மாளிகை 2014 நவம்பர்த் திங்களிற் பெருமழையின்போது இடிந்து வீழ்ந்தது. பழங்காரை இரும்பினும் வலிது எனப் பெருமிதம் பேசுவார் பலர். ஆண்டுதோறும் மழைக்கு முன் தளத்தின்மேல் ஏறி வெடிப்புகளை அடைத்த கைகளே அக்காரையைக் காத்தன என்பதனை அவர் நினைப்பதில்லை.

மரத்தளம் வழக்கொழிந்ததற்குக் காரணம் அதன் குறைகள் மட்டுமல்ல. 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டபோது தேக்கு வரவு தடைப்பட்டது. மறுபுறம், கல்லக்குடியில் டால்மியா சிமெண்டு ஆலை 1939இலும், தாழையூத்தில் இந்தியா சிமெண்டு ஆலை 1949இலும் தொழிற்படத் தொடங்கின. சிமெண்டும் இரும்புக் கம்பியும் கிடைத்தபின், குறுக்கு மரமும் சாய்வுச் செங்கல்லும் செய்த வேலையை ஒரே பலகமாகிய காங்கிரீட் செய்தது. கல் வளைவைத் தாங்காது என மேலே கூறினோம், காங்கிரீட்டும் கல்லியல்பினதே. அதன் அடிப்பாகத்தில் இழுவை நேருமிடத்துக் கம்பி வைத்ததே புதுமை. பண்டு பலகைக்கல்லாய்ப் பரவிய பாறையே இன்று திருவக்கரைப் பகுதியில் உடைபட்டுச் சல்லியாகிக் கம்பியைப் போர்த்துக்கொண்டு தூணில்லா அறையை மூடுகின்றது.

அமைக்கும் முறையிலோ வேறுபாடு பெரிது. மரத்தளம் வரிசை வரிசையாய் வளர்வது. ஒரு நாள் நின்றாலும் கேடில்லை. காங்கிரீட் தளம் ஒரே நாளில் இட்டு முடிக்க வேண்டுவது. கலவை இடையிலே நின்றால் அவ்விடம் பின்னர் நீர் இறங்கும் வாயிலாகும். முன்னதற்கு முட்டு வேண்டா. பின்னதற்கு அறை முழுதும் சென்டரிங் வேண்டும். இந்தியத் தரநிலை 456, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள பலகத்திற்கு முட்டினை 7 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் வைத்திருக்கக் கூறும். முன்னதில் திறம் சாந்தின் பதத்திலும் கையின் அடியிலும் இருந்தது. பின்னதில் திறம் கம்பியை எங்கே வளைப்பது, நீரை எவ்வளவு கலப்பது என்னும் கணக்கிற்கு மாறிற்று. தட்டைக்கூரையில் நாள் பல செலவிட்ட இனம் சித்தாட்கள். அவருக்குக் காங்கிரீட் நாளில் சட்டி தூக்கும் வேலையே எஞ்சிற்று.

ஈண்டு நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. காங்கிரீட் வந்தபின் மரத்தளத்தின் கீழ்ப்பாதியே மறைந்தது, மேற்பாதி மறையவில்லை. காங்கிரீட் தாங்கும், வெயிலில் விரிந்து இரவிற் சுருங்கி மயிரிழை வெடிப்புக் காணும், அவ்வழியே இறங்கும் நீர் கம்பியைத் துருவேற்றும். ஆகவே தமிழ்நாட்டுப் பொதுப்பணி மரபில் காங்கிரீட்டின்மேல் செங்கற்சல்லியும் நீறின சுண்ணாம்பும் 32க்கு 12½ என்னும் அளவிற் கலந்து, சராசரி 3 அங்குலம் பரப்பி, பலகையால் அடித்து, அதன்மேல் அச்சுத் தட்டோடு பதிக்கும் முறை நிலைபெற்றது. சல்லி, சுண்ணாம்பு, 3 அங்குலம், வாட்டம், பலகையடி, தட்டோடு ஆகிய இவ்வாறும் மரத்தளத்தின் மேற்பாதியை அப்படியே எடுத்துப் புதுப் பலகத்தின் தலையில் வைத்தன அல்லவா? கற்றளியின் மேலும் இதுவே. மரத்தளத்தின் மேலும் இதுவே. காங்கிரீட்டின் மேலும் இதுவே. தாங்குவது மூன்றாயினும் காப்பது ஒன்று.

இப்படுகையைக் கொத்தர் ‘சுருக்கி’ என்பர். இச்சொல் ஆராய்ச்சிக்கு இனியது. பாரசீகத்தில் ‘சுர்க்’ என்பது சிவப்பு. அதனினின்று ‘சுர்க்கி’ எனச் செங்கற்பொடிக்குப் பெயராகி, வட இந்தியத்தின் வழியாகக் கட்டடத்துறையில் வழங்கிற்று. தமிழில் அது பொடியைக் குறித்தலை விட்டுச் சல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த படுகை முழுமையையும் குறிக்கலாயிற்று. ‘சுருக்கு’ என்னும் தமிழ் வினையோடு இதனை இயைத்து, நீரிறக்கத்தைச் சுருக்குவது சுருக்கி எனப் பொருள் கூறுவாரும் உளர். அது சொல் வந்த வழியறியாது கூறுவது. அயற்சொல் ஒன்று உள்ளூர்த் தொழிலின் பெயராகி, உள்ளூர்ச் சொல்லோ என மயங்கும் அளவிற்கு வேர்கொண்டமை நோக்கத்தக்கது. ‘தட்டோடு’ தன் பொருளைக் காத்தது. ‘சுருக்கி’ தன் பொருளை மாற்றிக்கொண்டது. ‘வேயா மாடம்’ வழக்கொழிந்தது. மூன்று சொல்லும் ஒரே கூரையைச் சார்ந்தன.

உரை உரையாசிரியர் காலத்திற்கே சான்று, நூலின் காலத்திற்குச் சான்றாகாது என மறுப்பார்க்கு யாம் உடன்படுகின்றோம். புகாரின் மாடத்தில் தட்டோடு இருந்ததென இவ்வுரையால் நிறுவ முயன்றிலேம். இடைக்காலத்தில் தட்டோடும் சாந்துமாகிய தளம் உரைகாரர்க்கும் அவர்தம் மாணாக்கர்க்கும் விளக்கமின்றி விளங்கும் பொருளாய் இருந்தது என்பதே யாம் கொள்வது. மரத்தளத்தினை ஐரோப்பியர் வருகையோடு தொடங்கியதாகக் கருதுவார்க்கு இது போதிய மறுப்பாகும். சாய்வாகச் செங்கல் ஒட்டும் நுட்பத்தின் தொடக்கம் வேறு வினா; அதற்கு உரை விடை கூறாது.

இனி, இன்றைய நிலை. விதிவிலக்காய் இருந்த வேயாமை இன்று விதியாகி வருகின்றது. 2010இற் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 இலட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக மாற்றும் நோக்கோடு அறிவிக்கப்பட்டது. 2011 திசம்பர் 30இல் கரை கடந்த தானே புயலில் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் கூரை வீடுகள் பெருந்துயர் உற்றன. 2024இற் கலைஞரின் கனவு இல்லம் என்னும் திட்டம், 360 சதுர அடியில் வீடுகள் அமைத்து 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு காண்பதனை இலக்காகக் கூறியது. புகாரில் வணிகர்க்கு உரியதாய் இருந்த மாடம், ஓய்மானாட்டு எயினர் குரம்பை இருந்த மண்ணில் எளியோர்க்கு உரியதாகின்றது. இம்மாற்றத்தை வரவேற்றல் வேண்டும். ஓலைக்குடிசையின் அழகினைப் பாடுவோர் புயலிரவில் அதனுட் கிடந்தவரல்லர். ஆயினும், வேய்ந்த கூரையில் பிறந்து வளர்ந்தவர்க்குத் தட்டைக்கூரையைப் பேணும் பழக்கம் மரபாக வந்ததன்று. ஓலையை இரண்டு மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என அவர் அறிவர். காங்கிரீட்டிற்கு ஒன்றும் செய்ய வேண்டா என நம்புவர்.

அந்நம்பிக்கை மிகுந்த காலத்தில், காப்பு உறுப்பு தானும் மாறத் தொடங்கியிருக்கின்றது. செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் தேடுவார் இலர். அடிப்பதற்கு ஆளும் நாளும் இல்லை. சுருக்கி இட்டாலும் சுண்ணாம்பிற்கு மாற்றாகச் சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் முடிப்போர் உளர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வளியை மெல்ல ஏற்று இறுகுவது. பலகத்தின் அசைவிற்குச் சிறிது இடங்கொடுப்பது. சிமெண்டுக் கலவை விரைந்து இறுகி, அசைவு நேர்ந்தவழி வெடிப்பது. பலர் சுருக்கியையே விட்டு, தூரிகையாற் பூசும் வேதிப்பூச்சினையும் வெயிலைத் திருப்பும் வெண்ணிற ஓட்டினையும் நாடுகின்றனர். இவை பாரம் குறைந்தன, விரைவில் முடிவன, வெண்மையால் வெப்பத்தையும் ஓரளவு தடுப்பன. பழமை என்னும் ஒன்றே பற்றி இவற்றைப் பழித்தல் எம் கருத்தன்று. ஆயின் 3 அங்குலச் சுருக்கி வாட்டத்தையும் தானே தந்தது. பூச்சு வாட்டத்தைத் தராது. பலகம் மட்டமாக இருப்பின் பூச்சின்மேல் நீர் நிற்கும்.

வாட்டம் இன்றியமையாதது என்பதற்கு 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயல் ஒன்றே சாலும். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. 100 சதுர மீட்டர்ப் பரப்புடைய மொட்டை மாடி ஒன்றின்மேல் அந்நாளில் வீழ்ந்த நீர் 50,000 லிட்டர். இத்துணை நீரும் வெளியேறுதற்குப் பல வீடுகளில் மூலைக்கொன்றாக வைத்த சிறு குழாய்களே வழி. ஓர் இலை அடைத்தால் கைப்பிடிச் சுவர் நாற்புறமும் தேக்க, மாடி குளமாகும்.

நெடுநல்வாடை ஆசிரியர் இதனை அறிந்திருந்தார். நிலாமுற்றத்தில் விழுந்த நீர், சுறவின் அங்காந்த வாய்போல் அமைந்த அம்பணத்தில் நிறைந்து வழிந்து அருவிபோல் ஒலித்து வீழ்தலை அவர் கூறுகின்றார். அரண்மனை வளத்தைக் காட்டும் அணியாகவே நாம் இப்பகுதியைப் பாடம் சொல்லி வருகின்றோம். தட்டைக்கூரையின் நீர்வாய் எத்துணை அகன்றிருத்தல் வேண்டும் என்பதற்கும் அஃது இடமாகும். அருவியெனக் கேட்கும் அளவிற்கு ஒரே வாயால் நீர் வீழ்ந்ததெனின் அவ்வாய் சிறிதாதல் இயலாது. விழுப்புரம் வட்டாரத்துப் பழைய மெத்தை வீடுகளிற் சுவருக்கு வெளியே ஒரு முழம் நீண்டு நிற்கும் கல் தூம்புகளையும் சுடுமண் தூம்புகளையும், அவற்றுக்கும் கொத்தர் வழங்கும் பெயர்களையும், வாயின் அகலத்தையும் தளத்தின் பரப்பையும் அளந்து தொகுக்கும் பணியை எம் துறை மாணாக்கர் சிலர் மேற்கொண்டுள்ளனர். அளந்த வீடுகளுள் ஒன்றில் தூம்பின் வாயைச் சிமெண்டால் அடைத்து, அருகே இரண்டங்குலக் குழாய் செருகியிருந்தனர். குழாய்க்குக் கீழே சுவர் பச்சைபிடித்து, உத்திரத்தின் நுனி புதைந்த இடம்வரை கறை ஏறியிருந்தது.